மழைக்காலத்தில் மூடி இறுகும் பெட்டிகள்

ஸ்க்ரோல் சாவில், அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் சிறு மெஷினில், அறுத்துச் செய்த மரப்பெட்டிகளின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பெட்டி எப்போதும் மூடியே இருக்கிறது. மூடியில் மயில் தோகை விரித்திருக்கும், தாமரை மலர்ந்திருக்கும், கொடி இழை இழையாக ஓடும். பாலிஷ் பளபளக்கும். மூடியைத் தூக்கி உள்சுவரையும் மூடியின் அடிப்பக்கத்தையும் காட்டும் படம் அபூர்வம். செய்தவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் காரணம் வெளியே வரும். பங்குனியில் செய்த பெட்டி, ஐப்பசியில் மூடி கழலவில்லை. அல்லது இறுகக் கூடாதே என்று தாராளமாக இடம் விட்டதில் மூடி கடகடவென்று ஆடுகிறது. மரம் சரியில்லை என்பார்கள், மெஷின் மலிவு என்பார்கள். பெரும்பாலும் இரண்டின் மேலும் தப்பில்லை. சித்திரத் தாளை ஒட்டும் நேரத்துக்கு முன்பே, பலகையைத் துண்டு போடும்போதே, அந்தப் பெட்டியின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது.

இந்தக் கலை தொடக்கத்திலிருந்தே சித்திரத் தாளைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் டீரம் என்ற ஊரிலிருந்து ஹாபீஸ் நிறுவனம் 1895இல் ஒரு வார இதழைத் தொடங்கியது. இதழோடு அறுப்பதற்கான சித்திரத் தாளும் வரும். தாளை ஒட்டு, கோட்டில் அறு, முடிந்தது. அந்தப் பழக்கம் இன்று பிரின்டரில் எடுக்கும் தாள்வரை தொடர்கிறது. தாளில் கோடு இருக்கும், அளவு இருக்கும். பலகையின் நார் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதை எத்தனையோ தாள்கள் சொல்வதே இல்லை. சொல்லும் தாளிலும் அது ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி. பெட்டியைப் பொறுத்தவரை அந்த அம்புக்குறிதான் முக்கியம். மயிலுக்கு அடுத்த இடம்தான்.

கையில் ஒரு உதாரணம் இருந்தால் பேசச் சுலபம். நீள்வட்டமான ஒரு நகைப்பெட்டி. நீளம் 160 மி.மீ., அகலம் 105 மி.மீ. உடம்பு 32 மி.மீ. தடிமன், அடிப்பலகை 5, மூடி 8. மூடியின் அடியில் ஒட்டி, பெட்டி வாய்க்குள் இறங்கி உட்காரும் உள்தட்டு 5. பக்கச் சுவர் 9 மி.மீ., நீளவாக்கின் இரண்டு முனைகளிலும் சுவர் 11 மி.மீ. மரம் தேக்கு. கீல் கிடையாது, பூட்டு கிடையாது. மூடி தன் கனத்தில் இறங்க வேண்டும், இரண்டு விரலில் எழ வேண்டும். இதைச் சரியாகச் செய்துவிட்டால் வேறு எந்த வடிவமும் கைக்கு வந்துவிடும்.

ஒரே பலகையிலிருந்து

நான்கு பாகமும் ஒரே பலகையிலிருந்து, ஒரே நார் ஓட்டத்தில் வர வேண்டும். மரக்கடையில் ஒன்றரை அங்குலத் தேக்குப் பலகையில் இரண்டடி போதும். வெளிப்புற வெள்ளை மரம் இல்லாமல், உள்மரமான வைரப் பகுதியாகப் பார்த்து எடுக்க வேண்டும். பலகையின் தலைப்பக்கத்தைப் பார்த்தால் வளையக் கோடுகள் தெரியும். அவை முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் நல்லது. வில் மாதிரி வளைந்து கிடந்தால் அந்தப் பலகை குழிவதற்குக் காத்திருக்கிறது என்று பொருள். இரண்டு பக்கமும் இழைத்தபின் 34 மி.மீ. கிடைக்கும். முதல் ஏழு அங்குலம் உடம்புக்கு. அடுத்த ஏழு அங்குலத்தை அறுவை மில்லில் பேண்ட் சாவில் (பட்டை ரம்பத்தில்) கொடுத்து மூன்று தகடாகப் பிளக்க வேண்டும்: மூடி, உள்தட்டு, அடிப்பலகை. மூன்றும் சேர்ந்து 18 மி.மீ., ரம்பம் தின்பது சுமார் 3, இழைப்புக்கு ஆறேழு. 34க்குள் அடங்கிவிடும். பிளந்ததும் ஒவ்வொரு தகட்டிலும் ஒரே பக்கமாக அம்புக்குறி போட்டுவிடுங்கள். பிளந்த மரம் உள்ளே இருந்த இறுக்கம் கலைந்து லேசாக வளையும். அதனால் நடுவில் குச்சிகள் வைத்து, மேலே கனம் ஏற்றி, ஒரு வாரமாவது நிழலில் விட்டபிறகே கடைசி இழைப்பு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? மரம் நார் ஓடும் திசையில் கிட்டத்தட்ட நகராது. குறுக்கே நகரும். வில் வளையம் தெரியும் தேக்குப் பலகை, உள்ளிருக்கும் ஈரம் ஒரு சதவீதம் கூடினால் அகலத்தில் சுமார் 0.2 சதவீதம் விரியும். வளையம் செங்குத்தாக நிற்கும் பலகையில் அதில் பாதிதான். தேக்கு அடக்கமான மரம். இதைவிட ஆடும் மரங்கள் ஏராளம். ஏசி அறையில் இருந்த பெட்டி, அடைமழை பெய்யும் சென்னை வீட்டின் அலமாரிக்குப் போய் நாலு சதவீதம் ஈரம் வாங்குகிறது என்று வையுங்கள். 105 மி.மீ. அகலத்தில் 0.8 மி.மீ. விரிவு. நீளத்தில் ஒன்றுமில்லை.

இப்போது உள்தட்டைக் குறுக்காகத் திருப்பி ஒட்டியிருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். பெட்டி வாயின் உள்நீளம் 138 மி.மீ. உடம்பு அந்தத் திசையில் நகராது. குறுக்காக ஒட்டிய உள்தட்டோ அதே திசையில்தான் விரியும்: 138க்கு 1.1 மி.மீ. ஒரு பக்கத்துக்கு 0.4 மி.மீ. வீதம் மொத்தம் 0.8 மி.மீ. இடைவெளி விட்டிருந்தால் அது போதாது. மூடி ஆப்பு அடித்தது போல இறுகிவிடும். அதோடு முடிவதில்லை. 8 மி.மீ. மூடி அகலத்தில் விரியப் பார்க்கும், அடியில் ஒட்டிய 5 மி.மீ. தட்டு அந்தத் திசையில் அசையாது. ஒட்டு பிடித்துக்கொள்ள, மூடி முதுகு தூக்கும். எல்லாப் பாகமும் ஒரே திசையில் இருந்தால் உடம்பு 0.8 விரியும்போது உள்தட்டும் தன் பங்குக்கு விரியும். இடைவெளி இருந்தபடியே இருக்கும். கோடையில் செய்தாலும் கார்த்திகையில் செய்தாலும் அதே 0.4 மி.மீ. போதும்.

உள்தட்டுக்கும் அடிக்கும் பிளைவுட் போட்டால் வேலை மிச்சம் என்று சொல்பவர்கள் உண்டு. பிளைவுட் நகராது என்பது அதன் பெருமை. கட்டை மரத்தோடு ஒட்டும்போது அதுவே வினை. அடியில் 4 மி.மீ. பிளைவுட் ஒட்டிய பெட்டியில் உடம்பின் கீழ் விளிம்பு கட்டுண்டு கிடக்கும், மேல் விளிம்பு விரிந்து சுருங்கும். விரியும்போது வாய் அகலும். கத்திரி வெயிலில் சுருங்கும்போது முனைச்சுவர் பிளக்கும். ஏன் முனைச்சுவர்? நார் நீளவாக்கில் ஓடுவதால் பக்கச் சுவர்களில் நார் முழு நீளத்துக்குத் தொடர்ந்து போகிறது. முனைச்சுவரில் அதே நார் சுவரின் தடிமனுக்குள் வந்து முடிந்துவிடுகிறது. 11 மி.மீ. நீளமுள்ள நார்க்குச்சிகளை அடுக்கிய சுவர் அது. மேசையிலிருந்து விழுந்தால் அங்கேதான் உடையும். முனையில் மட்டும் 2 மி.மீ. கூட்டியது இதற்காகத்தான். அழகுக்காக அந்தச் சுவரை 6 மி.மீ.க்கு மெலிக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

உள்ளிருந்து வெளியே

வரிசை இதுதான்: முதலில் உள்குழி, பிறகு உள்தேய்ப்பு, பிறகு அடிப்பலகை, கடைசியாக வெளிவடிவம். வெளிவடிவத்தை முதலில் அறுத்துவிட்டுக் குழி எடுக்கப் போகிறவர்கள் இரண்டு தொல்லைகளை விலைக்கு வாங்குகிறார்கள். பிடித்துத் தள்ளக் கையில் மரம் இல்லாமல் போகிறது. உள்கோடு அரை மி.மீ. பிசகினாலும் சுவர் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து நிற்கிறது. குழி முதலில் முடிந்துவிட்டால், அது எப்படி வந்ததோ அதை வைத்தே வெளிக்கோட்டை வரைந்துகொள்ளலாம்.

32 மி.மீ. தேக்கில் குழி எடுப்பது ஸ்க்ரோல் சாவுக்குச் சுமையான வேலை. 50 மி.மீ. வரை அறுக்கும் என்று மெஷின் பெட்டியில் அச்சடித்திருக்கும். மென்மரத்தில் அது சரி. தேக்கு, தோதகத்தி (ரோஸ்வுட்) போன்ற மரங்களில் 40க்கு மேல் போகாமல் இருப்பது புத்திசாலித்தனம். அதற்கு மேல் ஆழம் வேண்டுமானால் இரண்டு அடுக்காகக் குழி எடுத்து ஒட்டலாம். ஒட்டும்போதும் நார் திசை ஒன்றாகவே இருக்க வேண்டும்.

பிளேடு விஷயம். மலிவு மெஷின்களோடு வரும், இரு முனையிலும் குறுக்காகச் சிறு கம்பி (பின்) வைத்த பிளேடுகள் குழி அறுக்கப் போதும், ஆனால் சித்திர வேலைக்கு ஆகாது. அந்தப் பின் நுழைய 5 மி.மீ. துளையாவது வேண்டும், மயில் கண்ணில் அவ்வளவு பெரிய ஓட்டை போட முடியாது. பின் இல்லாத 5 அங்குல பிளேடுகளைப் பிடிக்கும் மெஷினாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது அதற்கான பிடிப்பானைப் பொருத்துங்கள். குழிக்கு 9ஆம் எண், பல்லுக்குப் பல் இடைவெளி விட்ட ஸ்கிப் டூத் வகை. அகலம் சுமார் 1.3 மி.மீ. அதைவிட மெல்லிய 5ஆம் எண் பிளேடு வளைவில் சுலபமாகத் திரும்பும். ஆனால் 32 மி.மீ. தடிமனில் அதன் நடுப்பகுதி பக்கவாட்டில் தொய்ந்து போகும். மேலே கோட்டில் இருப்பீர்கள், நடுவில் இருக்க மாட்டீர்கள்.

தொடங்கும் முன் மேசை பிளேடுக்குச் செங்குத்தா என்று பார்க்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பது முதல் படிதான். அதை நம்பி நின்றுவிடாதீர்கள். அதே தடிமன் உள்ள கழிவுத் துண்டில் 3 மி.மீ. ஆழம் ஒரு கீறல் அறுத்து, துண்டை வெளியே எடுத்து, அப்படியே திருப்பி பிளேடின் முதுகுப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். மெஷினை நிறுத்திவிட்டு, பிளேடின் முதுகை அந்தக் கீறலில் நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் நுழைந்தால் மேசை நேராக இருக்கிறது. சாய்வு இருந்தால் இரண்டு மடங்காகக் காட்டிக்கொடுக்கும்.

பிளேடின் இழுவிசைக்கு: விரலால் பக்கவாட்டில் அழுத்தினால் 3 மி.மீ.க்கு மேல் அசையக் கூடாது. தட்டினால் தந்தி மாதிரிக் கணீரென்று ஒலிக்க வேண்டும். பலகையின் மேல் முதலில் அகலமான பேக்கிங் டேப், அதன் மேல் தாள். டேப்பின் மேல்பூச்சு பிளேடில் படிந்து வழுக்கலைக் கொடுக்கும்; மரம் கருகுவது கண்கூடாகக் குறையும். தோதகத்தி, மேப்பிள் போன்ற இறுக்கமான மரங்களில் டேப் இல்லாமல் அறுத்தால் உள்சுவர் முழுக்கக் கருப்புத் தீற்றல்தான். அதை உப்புத்தாளால் எடுப்பதற்குள் சுவரின் அளவே மாறிவிடும்.

கோட்டுக்கு உள்ளே, கழிவுப் பக்கத்தில், 3 மி.மீ. துளை. கை ட்ரில்லில் சாய்ந்துவிடும் என்பதால் ட்ரில் ஸ்டாண்டில் வைத்துப் போடுவது மேல். துளையிலிருந்து கோட்டுக்குச் செங்குத்தாகப் போய் முட்டாமல் தழுவிச் சேர வேண்டும். அப்போதுதான் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் மேடு இல்லாமல் கூடும். பல பிளேடுகளில் செய்முறையின்போது ஒரு பக்கம் மட்டும் சிறு பிசிர் தங்கியிருக்கும். அதனால் அறுப்பு அந்தப் பக்கம் இழுக்கும். பலகையைச் சில டிகிரி சாய்த்துத் தள்ளினால் சரியாகிவிடும். கை பழகும்வரை இது எரிச்சலாக இருக்கும், பழகியபின் கவனத்துக்கே வராது.

இங்கே அவசரப்படக் கூடாது. இந்தக் குழியின் சுற்றளவு ஏறத்தாழ 36 செ.மீ. தேக்கில் இருக்கும் சிலிக்கா பல்லை மழுக்கிக்கொண்டே வரும். பாதி வழியில், முன்பு தானாகப் போன பலகையை இப்போது தள்ள வேண்டியிருக்கிறது என்று கை சொல்லும். அந்த நொடியில் நிறுத்தி பிளேடை மாற்றுங்கள். ஒரு குழிக்கு இரண்டு பிளேடு என்று கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது. தள்ள ஆரம்பித்தால் பிளேடு பின்னால் வளையும், வளைவில் பக்கவாட்டில் தொய்யும், சுவர் நடுவில் வயிறு வைக்கும். பிளேடை மிச்சம் பிடித்துப் பெட்டியைக் கெடுப்பது என்ன கணக்கு?

அறுத்து முடித்ததும் நடுக்கட்டையை விரலால் தள்ளிப் பாருங்கள். குழி எப்படி வந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சோதனை கிடையாது. மேலேயும் கீழேயும் இரண்டு பக்கமும் சுலபமாக வந்தால் சுவர் நேர். ஒரு பக்கம் மட்டும் வந்தால் மேசை சாய்ந்திருந்தது, குழி கூம்பு. எந்தப் பக்கமும் வராமல் மாட்டிக்கொண்டால் பிளேடு தொய்ந்திருக்கிறது, சுவரில் வயிறு. கூம்பு என்றால் பெரிய நஷ்டமில்லை, அகன்ற பக்கத்தை வாயாக வைத்துக்கொண்டு தொடரலாம். வயிறு என்றால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். நடுக்கட்டையை எறிய வேண்டாம். குங்குமச் சிமிழ் அளவில் இன்னொரு பெட்டிக்கு அது ஆகும்.

உள்தேய்ப்புக்கு, ட்ரில்லில் மாட்டும் தேய்ப்பு உருளை வேகமாக வேலை செய்யும். ஆனால் ஒரே உயரத்தில் நிறுத்தினால் பள்ளம் தோண்டும், வாய் விளிம்பை உருட்டிவிடும். உருளைக் கட்டையில் சுற்றிய உப்புத்தாள் மெதுவானது, சொன்னபடி கேட்கும். 100, 150, 220 எண் தாள்கள் என்று ஏறுவரிசை. நாரோட்டம் முடியும் முனைச்சுவர்களில் நேரம் இரண்டு பங்கு பிடிக்கும். இதை முழுமையாக முடித்த பிறகே அடிப்பலகைக்குப் போக வேண்டும், ஏனென்றால் அடி ஒட்டியபின் அந்தக் கீழ் மூலைக்குள் எந்தத் தாளும் போகாது. அடிப்பலகையை எடுக்கும் முன் ஒரு வேலை பாக்கி: உடம்பை, வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி, உள்தட்டுப் பலகையின் மேல் வைத்து, அம்புக்குறிகள் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, உள்சுவரை ஒட்டிக் கூரான பென்சிலால் கோடு இழுத்துவிடுங்கள். அச்சடித்த தாளிலிருந்து உள்தட்டு அறுப்பவர்களுக்கு மூடி பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான். தாளில் இருப்பது நினைத்த குழி. கையில் இருப்பது அறுத்த குழி.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தைத் தின்னர் அல்லது அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்ததும் உடனே ஃபெவிகால் போட வேண்டும். காலையில் துடைத்து மாலையில் ஒட்டினால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும். அடிப்பலகையின் உள்முகத்தை முன்பே 220 வரை தேய்த்துவிடுங்கள். பசையை உள்விளிம்புக்கு 3 மி.மீ. தள்ளியே பூசினால் உள்ளே பிதுங்குவது குறையும். அப்படியும் பிதுங்கினால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். அது நாருக்குள் இறங்கி, பாலிஷ் போடும்போது வெளிறிய தழும்பாகத் தெரியும். அரை மணி நேரம் விட்டு, ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளி நுனியால் சீவிவிட்டால் சுத்தமாக வரும். ஒரு நாள் முழுக்கக் கிளாம்ப் அப்படியே இருக்கட்டும்.

வெளிக்கோட்டுக்கும் தாளைத் தேட வேண்டாம். காம்பஸை 9 மி.மீ. விரித்து, ஒரு காலை உள்சுவரில் உரசவிட்டு, பென்சில் காலால் சுற்றிவந்தால் சுவர் எங்கும் ஒரே தடிமனாக வரும். முனைகளில் மட்டும் கையால் 11க்கு விரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது உடம்பும் அடியும் சேர்ந்து 37 மி.மீ. இரண்டும் ஒன்றாக அறுபடுவதால் ஒட்டுக்கோடு கிட்டத்தட்ட மறைந்துவிடும். புது பிளேடு, மிதமான வேகம். தொடங்கும் இடம் முனைப்பக்கம் இருக்கட்டும். அறுப்பு கூடும் இடத்தில் மேடு வந்தாலும் நாரின் தலைப்பக்கத்தில் தேய்த்துச் சமன் செய்யலாம், முன்பக்கத்தில் அது கண்ணில் விழும்.

மூடி உட்காரும் இடம்

உள்தட்டைக் கோட்டின் உள்பக்கமாக அறுத்து, தேய்த்துத் தேய்த்துப் பொருத்த வேண்டும். எவ்வளவு இடைவெளி என்பதற்கு அளவுகோல் வீட்டிலேயே இருக்கிறது. சாதாரண 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன். நாலு தாளை அடுக்கினால் நமக்கு வேண்டிய 0.4. நாலாக மடித்த காகிதப் பட்டைகளைச் சுவருக்கும் தட்டுக்கும் நடுவே நாலு இடத்தில் செருகி, தட்டு லேசான பிடிப்போடு நின்றால் அளவு சரி. தட்டின் கீழ் விளிம்பில் மெல்லிய சாய்வு ஒன்று தேய்த்துவிட்டால் மூடி தானே வழி கண்டுபிடித்து இறங்கும்.

அதை மூடியில் எங்கே ஒட்டுவது என்று அளந்து, குறித்து, கோடு போட்டு ஒட்டினால் அரை மி.மீ. பிசகும். பெட்டியையே அளவாக வைத்துக்கொள்வது உத்தமம். பெட்டிக்குள் செய்தித்தாளைச் சுருட்டி நிரப்புங்கள். அதன் மேல் உள்தட்டை வைத்தால், தட்டின் முகம் வாய் விளிம்புக்கு மேலே அரை மி.மீ. எட்டிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் அதே காகிதப் பட்டைகள். தட்டின் நடுவில் மட்டும் பசை. ஓரத்தில் ஒரு செ.மீ. காலியாக இருக்கட்டும். மூடிப் பலகை இன்னும் வடிவம் அறுக்காத, சுற்றிலும் சில மி.மீ. கூடுதலான துண்டாகவே இருக்க வேண்டும். அம்புக்குறியைப் பார்த்து மேலே இறக்கி, கனம் வையுங்கள். முக்கால் மணி நேரத்தில் மூடியைத் தூக்கினால் தட்டு தன் இடத்தில் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு கிளாம்ப் போட்டு முழுதாகக் காயவிடலாம்.

காய்ந்ததும் மூடியைப் பெட்டியில் உட்காரவைத்து, அடியிலிருந்து உடம்பின் வெளிவிளிம்பை மூடியில் வரைந்து, கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே அறுக்க வேண்டும். மிச்சத்தை மூடி பெட்டியின் மேலிருக்கும்போதே சேர்த்துத் தேய்த்தால் விரலுக்கு இணைப்பே தட்டுப்படாது. நீள்வட்டம் என்பதால் மூடியை 180 டிகிரி திருப்பியும் போட முடியும். கையால் செய்த வடிவம் திருப்பினால் அவ்வளவு நேர்த்தியாக ஒத்துப்போகாது. அதனால் உள்தட்டிலும் உள்சுவரிலும் ஒரே பக்கம் சிறு குறி ஒன்று அவசியம்.

சித்திரம் மூடியின் நாரைக் கேட்க வேண்டும்

இப்போது மயிலுக்கு வருவோம். ஊடறுத்த சித்திரம் வேண்டுமென்றால் உள்தட்டை ஒட்டும் முன்பே அறுத்து முடித்துவிட வேண்டும், பிறகு ஸ்க்ரோல் சாவால் முடியாது. 8 மி.மீ. தேக்கில் 3ஆம் எண் பிளேடு தாராளமாகப் போதும். 2/0 போன்ற முடி மெலிசு பிளேடுகள் 3 மி.மீ. தகட்டுக்கு. அடிப்பக்கம் சிலும்பாமல் இருக்க, கீழ்ப் பற்கள் மேல்நோக்கித் திரும்பிய ரிவர்ஸ் டூத் பிளேடு நல்லது. பிளேடு மேலே எழும்போது இரண்டு மூன்று திருப்புப் பற்களாவது மேசைக்கு மேல் தெரியும்படி மாட்டினால்தான் அதற்குப் பலன். நடுவிலிருந்து வெளியே, சிறிய ஓட்டையிலிருந்து பெரியதற்கு என்று போக வேண்டும். பெரிய வெளிகளை முதலில் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நடுங்கும்.

தாளை மூடியில் ஒட்டும் முன் ஒரு தரம் சுழற்றிப் பாருங்கள். சித்திரத்தில் மெல்லிய பாலங்கள் இருக்கும்: தோகையின் தண்டு, கொடியின் கழுத்து, கொக்கின் கால். அவை நாரோடு ஓடினால் 2.5 மி.மீ. தாங்கும். நாருக்குக் குறுக்கே போனால் 4 மி.மீ. கூட உப்புத்தாள் பட்டதும் படக்கென்று போகும். பெரும்பாலான கோடுகள் நாரோடு போகும்படி சித்திரத்தைத் திருப்புங்கள். முடியவில்லையென்றால் குறுக்கே போகும் பாலங்களைப் பேனாவால் தடிமனாக்குங்கள், அல்லது வேறு சித்திரம் எடுங்கள். மூடியின் நாரைத் திருப்பிச் சித்திரத்துக்குத் தோதாக்கும் வழி ஒன்று இருக்கிறது, பலரும் அதைத்தான் செய்கிறார்கள். மழையில் இறுகும் மூடிகளில் கணிசமானவை அந்த ஒரு வசதிக்காகத் திருப்பப்பட்டவை.

ஓட்டைகளின் பின்னால் கருப்பாகத் தெரிய வேண்டுமென்று சிலர் உள்தட்டையே தோதகத்தியில் போடுகிறார்கள். அதைவிட, மூடிக்கும் உள்தட்டுக்கும் நடுவே அரை மி.மீ. தோதகத்தி வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒன்றை, நார் திசை ஒத்துப்போகும்படி ஒட்டினால் நிறமும் கிடைக்கும், தேக்கின் மேல் தேக்கு என்ற ஒழுங்கும் கெடாது. வெனீர் போடுவதானால் சித்திரத்தின் உள்விளிம்புகளை ஒட்டுவதற்கு முன்பே ஊசி அரத்தால் சுத்தம் செய்துவிட வேண்டும். தோதகத்தித் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையைக் கொண்டுவரும். தேக்குத் தூளும் சாதுவல்ல. துணி கட்டிக்கொள்வது போதாது, நல்ல மாஸ்க் வேண்டும்.

ஓட்டையே இல்லாத சித்திரமும் உண்டு. இரண்டு மரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேசையைச் சற்றுச் சாய்த்து, ஒரே அறுப்பில் இரண்டையும் அறுத்தால் மேல் தகட்டின் துண்டு கீழ்த் தகட்டின் ஓட்டையில் இடைவெளியே இல்லாமல் உட்காரும். சாய்வு இல்லாமல் அறுத்தால் பிளேடு தின்ற அளவுக்குச் சுற்றிலும் கோடு தெரியும். அந்தத் தின்ற இடத்தைச் சாய்வு அடைக்கிறது. 3 மி.மீ. தகட்டுக்கு 0.25 மி.மீ. தடிமன் பிளேடு என்றால் சாய்வு சுமார் 5 டிகிரி. தகடு தடிக்கத் தடிக்கச் சாய்வு குறையும். பலகையை எப்போதும் ஒரே சுற்றுத் திசையில் திருப்ப வேண்டும், நடுவில் திசை மாறினால் துண்டு விழுந்துவிடும். கழிவில் இரண்டு மூன்று வட்டம் அறுத்துப் பார்த்துச் சாய்வை முடிவு செய்த பிறகே நல்ல மரத்தைத் தொடுங்கள். பதிக்கும் துண்டின் நாரும் மூடியின் நாரோடு போனால் பல வருடம் கழித்தும் விரல் வைத்தால் மேடு தட்டாது.

பூச்சு

வெளியே என்ன பூசினாலும் சரி, உள்ளே எண்ணெய் வேண்டாம். ஆளி எண்ணெயோ டேனிஷ் ஆயிலோ மூடிய பெட்டிக்குள் மாதக்கணக்கில் நெடி அடிக்கும், உள்ளே வைத்த பட்டுத்துணியிலும் ஏறும். உள்ளே ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) மெல்லியதாக இரண்டு தடவை போதும். மணி நேரத்தில் காயும், வாடை தங்காது. அடிப்பலகையின் உள்முகத்துக்கு, ஒட்டும் ஓரத்தை மட்டும் டேப்பால் மறைத்துவிட்டு, ஒட்டுவதற்கு முன்பே பூசிவிடுவது சுலபம். உள்தட்டின் கீழ்முகம், அதன் விளிம்பு, மூடியின் அடிப்பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களையும் விட்டுவிடக் கூடாது. ஒரு முகம் மட்டும் பூச்சு வாங்கிய மூடி, ஈரத்தை இன்னொரு முகம் வழியாக மட்டும் குடித்துக் குழியும். நார் திசையை அவ்வளவு பார்த்துப் பார்த்து ஒழுங்கு செய்துவிட்டு அடிமுகத்தைப் பச்சையாக விட்டால், அந்தப் பாடு வீண்.

ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே 320 உப்புத்தாளால் ஒரு தடவு. பூச்சு சேரச் சேர உள்தட்டின் விளிம்பும் வாயின் உள்விளிம்பும் கொஞ்சம் தடிக்கும். மூடி பிடிக்க ஆரம்பித்தால் விளிம்பில் மட்டும் தேய்த்துக் குறைத்துக்கொள்ளலாம். கடைசிப் பூச்சு காய்ந்தபின் மூடியைத் தனியாக, காற்றோட்டத்தில், மூன்று நாளாவது வைத்திருந்து பிறகு பெட்டியில் இறக்குங்கள்.